சொந்தமாக ஒரு டர்பைன் ஹெலிகாப்டர்: தேர்வு செய்வது முதல் ஹேங்கரில் நிறுத்துவது வரை

ஹெலிகாப்டர் விற்பனை விளம்பரங்களில் மூன்று விஷயங்கள் கண்ணில் படும்: விலை, புது பெயிண்ட், இதுவரை ஓடிய மணிநேரம். இன்னும் எத்தனை மணிநேரம் ஓடும், எத்தனை வருடம் ஓடும், அதற்கப்புறம் எவ்வளவு செலவு வைக்கும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. காசு கரைவது அங்கேதான். இந்த வழிகாட்டியில் அந்தக் கணக்குக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தானே ஓட்டுபவர், வருடத்துக்கு 50 முதல் 100 மணிநேரம் ஆசைக்குப் பறப்பவர், ஒற்றை டர்பைன் (ஜெட் வகை) என்ஜின் கொண்ட நான்கைந்து இருக்கை ஹெலிகாப்டர் தேடுபவர். இப்படி ஒருவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். இந்தச் சந்தை பெரிதாக இருப்பது அமெரிக்காவில் என்பதால் விதிகளும் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

முதல் படி: டர்பைன் உண்மையிலேயே வேண்டுமா?

இருவர் மட்டும் வார இறுதியில் போய்வர, கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் இருப்பவருக்கு, பிஸ்டன் என்ஜின் கொண்ட ராபின்சன் ஆர்44 தாராளமாகப் போதும். நான்கு இருக்கை, செலவும் மிகக் குறைவு. டர்பைன் என்பது கௌரவத்துக்காக என்றால் அது விலையுயர்ந்த கௌரவம்.

டர்பைனுக்கு நியாயமான காரணங்கள் வேறு. அது குடிப்பது ஜெட் எரிபொருள். பயணிகள் விமானம் இறங்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். பிஸ்டன் என்ஜினுக்கு வேண்டிய ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் பல நாடுகளில் அரிது. அதிர்வு குறைவு. எடைக்குத் தரும் சக்தி அதிகம். முக்கியமாக, மலையிலும் வெயிலிலும் கைவிடாது. 1955-இல் முதன்முதலாகப் பறந்த பிரெஞ்சு அலூவெட் 2, டர்பைனோடு தொடர் உற்பத்திக்கு வந்த முதல் ஹெலிகாப்டர். அதன் தம்பி அலூவெட் 3-ஐத்தான் இந்தியாவில் சேத்தக் என்ற பெயரில் கட்டினார்கள். அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் ராஜாளி கடற்படைத் தளத்துக்கு மேலே அதைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டாம் படி: ஆட்களை எடை போடுங்கள்

வெட்கப்படாமல் தராசு எடுத்து வையுங்கள். கூட வரப்போகிற ஒவ்வொருவரின் எடையையும் உடை, செருப்பு, பையோடு சேர்த்து எழுதுங்கள்.

ராபின்சன் ஆர்66-ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்து இருக்கை என்றுதான் விற்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,225 கிலோ. வெற்று எடை சுமார் 581 கிலோ. டேங்க் நிறைய எரிபொருள் 224 கிலோ. கழித்தால் மிச்சம் 420 கிலோ. சராசரியாக 85 கிலோ உள்ள ஐந்து பேர் ஏறினால் 425. ஒரு பை வைப்பதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது. ஏசி, ஆட்டோபைலட் என்று சேர்க்கச் சேர்க்க வெற்று எடை ஏறி, அந்த 420 இன்னும் குறையும். நான்கு பேர் என்றால் 340 கிலோ, சாமான்களுக்கு 80 கிலோ, அழகாகப் போய்வரலாம். ஐந்து பேர்தான் என்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 87 லிட்டர், அதாவது 70 கிலோ குடிக்கும் வண்டி இது. அரை டேங்கில் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதிலும் கடைசி இருபது, முப்பது நிமிடத்தைக் கையிருப்பு என்று தொடாமல் விட வேண்டும்.

எந்த மாடல் பிடித்திருந்தாலும் இதே கழித்தலைச் செய்யுங்கள். கம்பெனி கையேட்டில் உள்ள வெற்று எடை உதவாது. நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட ஹெலிகாப்டரின் எடைச் சான்றிதழ் வேண்டும்.

அடுத்தது வெப்பமும் உயரமும். பறத்தல் கையேட்டில் இரண்டு மிதப்பு வரைபடங்கள் இருக்கும். ஒன்று, தரைக்குச் சில அடி மேலே மிதப்பதற்கு. இன்னொன்று, தரையின் உதவி எட்டாத உயரத்தில் மிதப்பதற்கு. விற்பவர்கள் முதல் வரைபடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள். மரங்கள் சூழ்ந்த இடத்திலோ மலை முகட்டிலோ இறங்குபவருக்கு அதுதான் உண்மை. கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டர் கம்பெனிகள் உயரச் சோதனைக்கு அங்கே வருவது, காகிதத்தில் இருப்பது மெல்லிய காற்றிலும் நடக்கிறதா என்று பார்க்கத்தான்.

இங்கே டர்பைனின் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்66-இல் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்ஆர்300 என்ஜினுக்கு 300 குதிரைசக்தி வரை திறன் உண்டு. ஆனால் ஏறும்போது ஐந்து நிமிடத்துக்கு 270, தொடர்ந்து ஓட்ட 224 என்றுதான் அனுமதி. பெல் கம்பெனியின் ஜெட்ரேஞ்சர் என்ற மாடலின் என்ஜின் 420 குதிரைசக்தி தரும். கியர்பாக்ஸ் 317 மட்டுமே தாங்கும். மீதி வீணா என்றால் இல்லை. மேலே போகப்போக என்ஜின் சக்தி குறையும்போது அந்தக் கையிருப்பு செலவாகிறது. ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சக்தி குறிப்பிட்ட உயரம்வரை மாறாமல் இருக்கிறது.

மூன்றாம் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

ராபின்சன் ஆர்66: 2010-இல் சான்றிதழ் பெற்றது. புதிதாக வாங்கக் கிடைக்கும் டர்பைன்களில் விலை குறைந்தது இதுதான். பின்னால் தனியாகச் சாமான் அறை உண்டு. சிறிய ஹெலிகாப்டர்களில் அது வரம். ஆர்44 ஓட்டிப் பழகியவருக்குக் கை உடனே பழகிவிடும். அதன் இரண்டு சிக்கல்களை, 12 வருடக் கணக்கையும் ஆடும் ரோட்டரையும், கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

பெல் 206பி ஜெட்ரேஞ்சர்: முதல் 206ஏ பறந்தது 1966-இல், 2010 வரை பல வடிவங்களில் கட்டினார்கள். கனமான பிளேடுகள் என்பதால் என்ஜின் நின்றால்கூட ரோட்டர் சட்டென்று வேகம் இழக்காது. புதியவரின் தயக்கத்தை மன்னிக்கும் வண்டி. அமெரிக்கக் கடற்படை தன் பைலட்டுகளைப் பல பத்தாண்டுகள் இதன் ராணுவ வடிவத்தில்தான் பழக்கியது. குறை என்னவென்றால், முன் இருக்கைகளுக்கும் பின் இருக்கைகளுக்கும் நடுவே கட்டுப்பாட்டுத் தண்டுகள் ஏறும் ஒரு தூண் நிற்கிறது. பின்னால் இருப்பவர் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டும். வேகமும் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் எந்த மூலையிலும் இதைத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பழைய பாகங்களின் சந்தையும் பெரியது. முதல் டர்பைன் எது என்று என்னைக் கேட்டால், நல்ல லாக்புக் உள்ள ஜெட்ரேஞ்சர் என்பேன்.

பெல் 505: அந்தத் தூணை ஒழித்துக்கட்டிய வாரிசு. 2014 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ரோட்டர் அமைப்பு பழைய லாங்ரேஞ்சரிலிருந்து வந்தது. என்ஜின் சஃப்ரானின் ஏரியஸ் 2ஆர். ஃபேடெக் என்ற கணினிக் கட்டுப்பாடு இருப்பதால் என்ஜினைக் கிளப்புவது சுவிட்சைத் திருப்புவதோடு முடிந்தது. தட்டையான தரை, பெரிய கண்ணாடி, மணிக்கு 230 கிலோமீட்டர். குடும்பத்தோடு ஊர் பார்க்கப் பறப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த அளவில் இல்லை. விலை ஆர்66-ஐவிட மிக அதிகம்.

எம்டி 500இ: ஐந்து பிளேடு, எட்டு மீட்டர் விட்டமே உள்ள குட்டி ரோட்டர். ஓட்டும் சுகம் என்று மட்டும் பார்த்தால் இதற்கு ஈடில்லை. கை நினைப்பதற்குள் திரும்பிவிடும். பைலட் இடது பக்கம் உட்காருவார். பின் இருக்கையில் நெடிய மனிதரை ஒரு மணிநேரம் உட்கார வைத்தால் மறுமுறை அவர் வரமாட்டார். தனியாகவோ ஒரு நண்பரோடோ பறப்பவர்களின் வண்டி.

ஏர்பஸ் எச்120: அகலமான கேபின், வால் ரோட்டர் கூட்டுக்குள் அடங்கிய ஃபெனஸ்ட்ரான், சத்தம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை வேண்டாம் என்பவர்கள் பார்க்கலாம். உற்பத்தி 2017-இல் நின்றுவிட்டது. மலைப்பகுதிக்குச் சக்தி போதாது. இதன் ரோட்டர் அமெரிக்க ரகங்களுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதால், சக்தியைக் கூட்டும்போது மிதிக்க வேண்டிய பெடலும் மாறும்.

என்ஸ்ட்ராம் 480பி: உறுதியான, நிதானமான வண்டி. மிச்சிகனில் உள்ள தொழிற்சாலை 2022 ஜனவரியில் திவாலாகி, அதே ஆண்டில் வேறொருவர் வாங்கித் திரும்பத் திறந்தார். நல்ல ஹெலிகாப்டர் வைத்திருந்தும் பாகம் எங்கே வாங்குவது என்று உரிமையாளர்கள் தவித்த மாதங்கள் அவை. எந்த மாடலானாலும் தொழிற்சாலையின் உடல்நலத்தையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னும் சான்றிதழே வாங்காத, படத்தில் அழகாக இருக்கும் புது வடிவங்களுக்கு முன்பணம் கட்டுவதை நான் ஹெலிகாப்டர் வாங்குவதில் சேர்ப்பதில்லை.

நான்காம் படி: மிச்ச மணிநேரக் கணக்கு

இங்கே அவசரப்படாதீர்கள். ஹெலிகாப்டரில் ரோட்டர் பிளேடு, ஹப் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி), மாஸ்ட் (ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் தண்டு), வால் ரோட்டர், கியர்பாக்ஸ் பாகங்கள் என்று பலவற்றுக்கும் ஆயுள் விதித்திருக்கிறார்கள். பார்க்கப் புதிதாக இருந்தாலும் அந்த மணிநேரம் முடிந்த அன்று கழற்றி எறிய வேண்டும், அல்லது ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க, அனுப்ப வேண்டும். சில பாகங்களுக்கு மணிநேரத்தோடு நாட்காட்டியும் ஓடும். பறக்காமல் நின்றாலும் வயதாகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ஜோடி பிளேடின் விலை 1,00,000 டாலர், ஆயுள் 5,000 மணிநேரம் என்று வைப்போம். மணிக்கு 20 டாலர் தேய்கிறது. 400 மணிநேரம் மட்டுமே மிச்சமென்றால் அந்த ஜோடியின் இன்றைய மதிப்பு 8,000 டாலர்தான். இதே கணக்கை ஆயுள் உள்ள எல்லாப் பாகத்துக்கும் போட்டுக் கூட்டுங்கள். ஒரே வருட மாடல், ஒரே பெயிண்ட், ஒரு லட்சம் டாலர் விலை வித்தியாசம் உள்ள இரண்டு ஜெட்ரேஞ்சர்களில் மலிவானதுதான் உண்மையில் விலை அதிகம் என்பது அடிக்கடி இப்படித் தெரியவரும்.

ஜெட்ரேஞ்சரின் அலிசன் 250-சி20 வரிசை என்ஜினைத் தனித்தனிப் பகுதிகளாகப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸருக்கு 3,500 மணிநேரத்தில் ஓவர்ஹால். டர்பைன் பகுதிக்கு 1,750-இல் சூடான பகுதிச் சோதனை, 3,500-இல் ஓவர்ஹால். உள்ளே சுழலும் சக்கரங்களுக்கு மணிநேரத்தோடு, எத்தனை தடவை கிளப்பினார்கள் என்ற எண்ணிக்கை வரம்பும் உண்டு. பத்துப் பத்து நிமிடமாகக் கிளப்பி நிறுத்திய வண்டியில் மணிநேரம் குறைவாக இருந்தாலும் சக்கரம் முடிவுக்கு வந்திருக்கலாம். ‘என்ஜின் பாதி ஆயுள்’ என்று விற்பவர் சொன்னால், எந்தப் பகுதியின் பாதி என்று கேளுங்கள்.

ஆர்66-இன் கணக்கு வேறு மாதிரி. 2,000 மணிநேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அப்போது முழு ஓவர்ஹால். வருடத்துக்கு 60 மணிநேரம் பறப்பவர் 12 வருடத்தில் 720 மணிநேரம் பறந்திருப்பார். மீதி 1,280 மணிநேரம் நாட்காட்டியோடு போய்விடும். ஆகவே ‘ஒரே உரிமையாளர், ஒன்பது வருடம், 500 மணிநேரம்தான் ஓடியது’ என்ற விளம்பரம் காதுக்கு இனிக்கும். கணக்குப்படி அதில் மூன்று வருடம்தான் மிச்சம். அப்புறம் சில லட்சம் டாலர் செலவு காத்திருக்கிறது. நிறையப் பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு ராபின்சனின் இந்த ஏற்பாடு மிக எளிமையானது. எப்போதாவது பறக்கும் சொந்தக்காரருக்கு அது அவ்வளவு இரக்கம் காட்டாது. குறைவாகப் பறப்பவர் இரண்டு மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து ஆர்66 வாங்குவதில் இதனால் நல்ல அர்த்தம் இருக்கிறது.

மாதாமாதம் ஒரு தொகையை இதற்கென்று தனிக் கணக்கில் போட்டுவைக்க முடியாதவர், வாங்கும் விலை கட்டுபடியானாலும் இந்த அளவு ஹெலிகாப்டரைத் தவிர்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: ரோட்டரையும் உங்கள் கையையும் பொருத்துங்கள்

ஆர்66, ஜெட்ரேஞ்சர், 505 மூன்றும் இரண்டு பிளேடு ஆடும் ரோட்டர் கொண்டவை. சீசா பலகை போல் மாஸ்ட் உச்சியில் சாயும் அமைப்பு. எளிமை, ஒடுங்கிய ஹேங்கரில் நுழையும் வசதி எல்லாம் உண்டு. ஆபத்தும் உண்டு. பறக்கும்போது சைக்ளிக்கை (ரோட்டரைச் சாய்க்கும் கைப்பிடியை) சட்டென முன்னால் தள்ளினால் எடையற்ற நிலை வரும். அந்த நொடியில் வால் ரோட்டரின் தள்ளலால் ஹெலிகாப்டரின் உடல் வலப்பக்கம் உருளும். பழக்கத்தில் பைலட் இடப்பக்கம் இழுப்பார். ரோட்டரில் சுமை இல்லாததால் உடல் திரும்பாது. ரோட்டர் மட்டும் சாய்ந்து ஹப் மாஸ்ட்டில் மோதும், மாஸ்ட் முறியும். செய்ய வேண்டியது, முதலில் சைக்ளிக்கை மெல்லப் பின்னுக்கு எடுத்து ரோட்டருக்குச் சுமை ஏற்றுவது. உருளலைச் சரிசெய்வது அதற்குப் பிறகு. நியூசிலாந்தின் விபத்து விசாரணை ஆணையம் 2016-இல் ராபின்சன் ஹெலிகாப்டர்களைத் தன் கவனப் பட்டியலில் சேர்த்தது இந்தக் காரணத்துக்காகத்தான். மலைக்காற்று கொந்தளிக்கும் பகுதியில் வாழ்பவர் எம்டி 500, எச்120 போன்ற பல பிளேடு ரோட்டர்களைத் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

தனியார் உரிமையாளர்களை அதிகம் பழிவாங்குவது மேகத்துக்குள் மாட்டிக்கொள்வது. பைலட்டின் தலை சுற்றும் அந்த நிமிடத்தில் வண்டியை நேராகப் பிடிக்கும் ஆட்டோபைலட், தோல் இருக்கையைவிட முக்கியம். ஆர்66, 505, ஜெட்ரேஞ்சர் மூன்றுக்கும் ஹெலிசாஸ் என்ற லேசான ஆட்டோபைலட் கிடைக்கிறது. காசு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.

அப்புறம் பயிற்சி. அமெரிக்காவில் தனியார் ஹெலிகாப்டர் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 40 மணிநேரம். இந்த அளவு ஹெலிகாப்டருக்கு மாடல்வாரியாகத் தனி உரிமம் அங்கே கிடையாது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி ரேட்டிங் (அதை ஓட்டும் தகுதி), ஆண்டுதோறும் சோதனை. 2007 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் ராலி வீரர் காலின் மெக்ரே ஓட்டிய ஸ்க்விரல் ஹெலிகாப்டர் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அவருடைய உரிமமும் அந்த மாடல் ரேட்டிங்கும் காலாவதியாகியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. தேவையில்லாத தாழ்வான பறத்தலே காரணம் என்றது தீர்ப்பு.

ஆறாம் படி: உட்கார்ந்து கிளப்பிப் பாருங்கள்

சோதனைப் பறத்தலில் பெரும்பாலோர் காட்சியை ரசித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஸ்டார்ட்டைக் கவனியுங்கள். பழைய ஜெட்ரேஞ்சரில் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியதும் கம்ப்ரஸரின் சுழற்சி மெல்ல ஏறும். 12 முதல் 15 சதவீதம் வந்தபின் த்ராட்டிலை ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்ட நிலைக்கு) திறக்க வேண்டும். டிக்டிக்கென்று பொறி சத்தம், அடுத்து ‘பொஃப்’ என்று தீ பிடிக்கும், டர்பைன் வெப்பமானியின் முள் துள்ளி எழும். 810 டிகிரிக்கு மேல் பத்து நொடிதான் இருக்கலாம். 927 உச்ச வரம்பு. பேட்டரி பலவீனமாக இருந்தால் உள்ளே காற்று போதாமல் முள் நிற்காமல் ஏறும். அப்போது த்ராட்டிலை மூடி, ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றிக் குளிரவைக்க வேண்டும். இரண்டு நொடி தூங்கினால் டர்பைன் சக்கரங்கள் போச்சு. ஸ்டார்ட் முழுக்க விற்பவரின் கண் அந்த முள்ளில் இருக்கிறதா, நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் ஆறவிடுகிறாரா என்று பாருங்கள். வண்டி எப்படி வளர்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆர்66-இலும் ஃபேடெக் இல்லை. எரிபொருளைத் திறப்பது உங்கள் கைதான். இந்தப் பொறுப்பே வேண்டாம் என்றால் 505 பக்கம் போங்கள்.

மிதப்பில், மெதுவான ஓட்டத்தில், முழு வேகத்தில் என மூன்று நிலையிலும் அதிர்வைக் கவனியுங்கள். கதவுகளைக் கழற்றிவிட்டுப் பறக்க ஆசையென்றால் அந்த மாடலில் அதற்கு அனுமதியும் வேக வரம்பும் என்ன என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வாங்கும் முன் சோதனை

இதற்கு விற்பவரோடு சம்பந்தமில்லாத, அதே மாடலில் ஊறிய மெக்கானிக் வேண்டும். அவர் முதல் நாள் ஹெலிகாப்டரைத் தொடவே மாட்டார், காகிதம்தான். ஆயுள் உள்ள ஒவ்வொரு பாகத்தின் தொடர் எண்ணும் வரலாற்று அட்டையும் உண்மையில் பொருத்தியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அட்டையில் நடுவே இரண்டு வருடம் காணாமல் போயிருந்தால் அந்தப் பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து வரலாறு, கட்டாயப் பராமரிப்பு உத்தரவுகள் முடிந்தனவா என்பதும் இதிலேயே வரும்.

அடுத்து என்ஜின் சக்திச் சோதனை, போரோஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை விட்டு டர்பைன் உள்ளே பார்ப்பது, எண்ணெயில் உலோகத்துகள் உண்டா என்பது, வால் பகுதியில் அரிப்பு. கடலோரத்தில் இருந்த வண்டியென்றால் இந்தக் கடைசி விஷயத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஜெட்ரேஞ்சரின் அச்சில் வார்த்த பழைய ராணுவ ஓஎச்-58 மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் பதிவானவை. வேலைக்கு ஓட்டலாம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சுற்ற முடியாது. பதிவுச் சான்றிதழில் எந்தப் பிரிவு என்று படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: காகிதம், காப்பீடு, இடம்

அமெரிக்காவில் விமானப் பதிவேடு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. அங்கே உரிமை வரலாற்றையும் கடன் பாக்கியையும் தேடிப்பார்த்து, நடுநிலைக் கணக்கில் பணத்தை வைத்து, பதிவு மாறியபின் விடுவிப்பதே வழக்கம். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர் வேறொரு கணக்குப் போட வேண்டும். இறக்குமதிக்கு இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும், உரிமத்தில் அந்த மாடல் சேர்க்கப்பட வேண்டும், தனியார் பிரிவில் பதிந்தால் காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக்கூடாது. சொந்தப் பயன்பாட்டு ஹெலிகாப்டர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

காப்பீட்டுக்காரரிடம் பேசுவதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். டர்பைன் அனுபவம் இல்லாதவருக்கு ராபின்சன் கம்பெனி கலிஃபோர்னியாவின் டோரன்ஸில் நடத்துவது போன்ற தொழிற்சாலைப் பயிற்சியையும், பயிற்றுநரோடு இத்தனை மணிநேரம் என்ற நிபந்தனையையும் விதிப்பார்கள். சில சமயம் அந்த நிபந்தனையே எந்த மாடல் என்பதைத் தீர்மானித்துவிடும்.

ஹேங்கரின் வாசலையும் அளந்துவிடுங்கள். ஆர்66-இன் ரோட்டர் விட்டம் சுமார் 10 மீட்டர், 505-இன் ரோட்டர் 11.3 மீட்டர். இரண்டு பிளேடு என்பதால் நீளவாக்கில் திருப்பி நிறுத்தலாம். எம்டி 500-இன் ஐந்து பிளேடில் அது நடக்காது. ஸ்கிட் கால்களில் சக்கரம் மாட்டித் தள்ள இருவராவது வேண்டும், அல்லது இழுவை மேடை ஒன்று வாங்க வேண்டும்.

வாங்கிய வண்டியை ஊருக்குக் கொண்டுவரும் பயணத்தை நீங்கள் தனியாக ஓட்டாதீர்கள். காப்பீட்டில் சொன்ன பயிற்றுநரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வந்தால், நிபந்தனை மணிநேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே முடிந்துவிடும்.